ஐம்பத்தொன்பது நிமிடம் நாற்பத்தொரு நொடி

ஏற்காடு
புதன்கிழமை

மதிப்புக்குரிய மாதையன் அண்ணனுக்கு,

தங்கை சுகுணா வணக்கத்துடன் எழுதுவது. நாசிக் குளிரில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம். ஒருவர் தேவைக்கு மேல் நலம்.

முதலில் முக்கியமான செய்தி. சென்ற மாதம் பதினேழாம் தேதி மாலை ஆறேகால் மணிக்கு, பதினொரு நாள் யோசனைக்குப் பிறகு, உங்கள் மாப்பிள்ளை இனிமேல் ஷூ லேசை இரட்டை முடிச்சாகப் போடுவது என்று முடிவெடுத்தார். என்னையும் மகள் மேகலாவையும் உட்காரவைத்து இதை அறிவித்தார். போன வருஷப் பந்தயத்தில் ஏழாவது கிலோமீட்டரில் லேஸ் அவிழ்ந்துவிட்டதாம். குனிந்து கட்டி நிமிர்ந்ததில்தான் பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க முடியாமல், அறுபத்தொரு நிமிடம் இருபது நொடி ஆகிவிட்டதாம். லேஸ் கட்ட எண்பது நொடி ஆகுமா என்று மேகலா கேட்டாள். உனக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று பதில் வந்தது.

எல்லாம் நீங்கள் வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம் வந்த பிறகுதான். நான் சொல்லிக்காட்டவில்லை. எஸ்டேட் ரைட்டராக இருபத்தாறு வருஷம், யார் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்கள் என்று எழுதிய மனுஷன், நாற்பத்தொன்பது வயதில் தன்னையே எழுத ஆரம்பித்திருக்கிறார். காலையில் எழுந்ததும், இரவு எப்படித் தூங்கினோம் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். சரியாகத் தூங்கவில்லை என்று அது சொன்னால் அன்றைக்கு முழுவதும் சோர்ந்து கிடக்கிறார். சேலத்து ஓட்டக்காரர்களோடு வாட்ஸ்அப் குழு ஒன்றும் இருக்கிறது. படுக்கையை விட்டு எழுந்ததற்காக ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்கிறார்கள்.

இனி மேகலா விஷயம். போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன். இவர் பக்கத்தில் நின்று, நான் சொல்லும் நொடிகளைத் திருத்துகிறார். நான் வேலை பார்க்கும் நூலகத்தில் இருந்து பேசலாம் என்றால், இங்கே போன் பேசக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டியதே நான்தான். அதனால் இந்தக் கடிதம்.

மேகலா தினமும் குப்பனூர் வழியாகப் போகும் பஸ்ஸில் சேலத்துக்கு வேலைக்குப் போகிறாள். கார்த்தி குப்பனூரில் ஏறுவான். இரண்டு வருஷமாக ஒரே பஸ். இது உங்களுக்குத் தெரியும். தகப்பன் இல்லாத அந்தப் பையன், தன் சித்தப்பாவை இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆனதும் தெரியும். அவர் வெள்ளக்கடை கிராமத்தில் வேறு ஒரு பெண்ணை மனதில் வைத்திருந்தார். மேகலாவை ஒருமுறை வந்து பார்க்கிறோம், மனதுக்குப் பிடிக்காவிட்டால் வெள்ளக்கடைதான் என்று சொல்லி, போன ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார். ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால் வரை நல்ல நேரம்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் பந்தயமும். வேறு நாள் கேட்கலாம் என்றேன். இவர் ஒரு தாளில் அட்டவணை போட்டுக் காட்டினார். ஆறரைக்கு ஏரிக்கரையில் புறப்பாடு. ஏழரைக்கு முடிவு. எட்டு நிமிடத்தில் வீடு. ஐந்து நிமிடத்தில் குளியல். ஏழு நாற்பத்தைந்துக்கு வேட்டி சட்டையில் வாசலில் சம்பந்தியை வரவேற்றல். வரவேற்புக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்.

பந்தயம் குப்பனூர் சாலையில் ஐந்து கிலோமீட்டர் இறங்கி, திரும்ப ஏறுவது. எட்டரை வரை அந்தச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். இந்த அறிவிப்பை எழுதியதே இவர்தான். பந்தய விழாக் கமிட்டியில் போக்குவரத்துப் பொறுப்பு இவருக்கு. நல்ல கையெழுத்தில் மூன்று தட்டி எழுதி, மூன்றையும் ஏற்காட்டிலேயே வைத்தார். ஓடுகிறவர்கள் இங்கேதானே இருக்கிறார்கள் என்றார். குப்பனூரில் இருந்து வருகிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேனில் வருகிறவர்களுக்கு அடிவாரம் வழி ஒன்று இருக்கிறது என்பது எனக்கும் தோன்றவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பிறகு நடந்ததைக் கார்த்தி போனில் மேகலாவுக்குச் சொன்னான். ஆறு ஐம்பதுக்கு அவர்கள் வேனைத் தடுப்பில் நிறுத்திவிட்டார்கள். ஓடுகிறவர்கள் சுற்றித் திரும்ப வேண்டிய சிவப்புக் கூம்பு வேனுக்குப் பத்தடி தள்ளி இருந்தது. தடுப்பில் நின்ற ஆள் நல்லவர். கமிட்டி ஆள் ஒருத்தர் வாய் திறந்து சொன்னால் ஓரமாக விட்டுவிடுகிறேன் என்றாராம். அப்போதுதான் கமிட்டி ஆள் ஒருத்தர் அரைக்கால் சட்டையில் வந்தார்.

சித்தப்பா வேனை விட்டு இறங்கிக் கைகூப்பி, "ஏனுங்க சம்பந்தி, செத்த நில்லுங்க" என்றார். கார்த்தியின் அம்மாவும் பழத்தட்டோடு இறங்கி நின்றார். இவர் கடிகாரத்தைப் பார்த்தார். "வாங்க, வாங்க. ஊட்டுக்கு வந்துருங்க" என்று வரவேற்றுக்கொண்டே கூம்பைச் சுற்றித் திரும்பி மேலே ஓடினார். பனியனின் முதுகில், 'நிற்காதே' என்று எழுதியிருந்ததாம். கார்த்தியின் அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாராம்.

அவர்கள் எட்டு மணி வரை நின்று பார்த்துவிட்டு வேனைத் திருப்பிவிட்டார்கள்.

இவர் அட்டவணைப்படி வீடு வந்து, அட்டவணைப்படி குளித்து, ஏழு நாற்பத்தைந்துக்கு வேட்டி கட்டி, கழுத்தில் பதக்கத்தோடு வாசலில் நின்றார். முடித்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்த தகரப் பதக்கம். எங்கே காணோம் என்று என்னைக் கேட்டார். உள்ளே மேகலா பச்சைப் பட்டுச் சேலையில் ஆறே முக்காலில் இருந்து உட்கார்ந்திருந்தாள். எட்டே கால் மணிக்கு அவளுக்குக் கார்த்தியின் போன் வந்தது. பேசிவிட்டு வெளியே வந்து, "எத்தனை நிமிசம்ப்பா?" என்றாள்.

"அம்பத்தொம்பது நாப்பத்தொண்ணு, கண்ணு" என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை, அண்ணா, இருபத்தைந்து வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கூந்தலில் இருந்த பூவை எடுத்து வைத்தாள்.

அன்று மத்தியானம் இவர், தடுப்பில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். வேனை விடச் சொல்ல நாற்பது நொடி. மொத்தம் அறுபது நிமிடம் இருபத்தொரு நொடி. ஆக, நிற்க முடிந்திருக்காது என்பது நிரூபணமாயிற்று. விருந்தாளிகளுக்குச் செய்த கேசரியையும் ஓட்டத்துக்குப் பிந்தைய உணவு என்ற வகையில் இவரே சாப்பிட்டார்.

நேற்று நான் போட்ட சத்தத்தில் குப்பனூருக்கு மன்னிப்புக் கேட்கப் போனார். கூடவே நானும் போனேன். நன்றாகத்தான் கேட்டார். நடுவில் தன் நேரத்தையும் சொல்லிவிட்டார். சித்தப்பா டீ கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னது இது: "பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க, அம்மிணி. பெரியவங்க ரோட்டுல எறங்கி நிக்கறதப் பாத்தும் நிக்காத மனுசன் ஊட்டுல, நாளைக்கு ஒண்ணுன்னா நாங்க யாருகிட்டப் போய்ப் பேசறதுங்க?" வரும்போது பைக்கில் பார்த்தேன். கடிகாரம் கையில் இல்லை. சட்டைப் பையில் இருந்தது.

அண்ணா, அந்தச் சித்தப்பா உங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். உங்கள் பேச்சை எடுத்ததும் அவர் முகம் கொஞ்சம் இளகியதைப் பார்த்தேன். தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள். முடிந்தால் லீவு போட்டு நேரில் வாருங்கள். அந்த வீட்டு வாசலில் போய் நிற்க, நிற்கத் தெரிந்த ஒருவர் எங்களுக்கு வேண்டும். மேகலா தினமும் வேலைக்குப் போய் வருகிறாள். அவளுக்காக நீங்களும் அண்ணியும் விளக்கு முன்னால் ஒரு நிமிடம் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
தங்கை
சுகுணா

பி.கு. (சனிக்கிழமை): மழையில் தபாலாபீசுக்குப் போக முடியாமல் இது மூன்று நாள் என் கைப்பையிலேயே இருந்துவிட்டது. வியாழக்கிழமை வெள்ளக்கடைப் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டார்கள். வேன் அடிவாரம் வழியாகப் போயிற்றாம். மேகலாவும் நேற்றிலிருந்து அடிவாரம் வழியாகப் போகும் பஸ்ஸில்தான் சேலம் போகிறாள்.