மாமனார் காரின் லாம்புக் கதவுகள்

24 செப்டம்பர் 1979, திங்கள்
காலையிலேயே மழை. ஈப்போவில் மழை என்றால் எங்கள் கார் பட்டறைக்குள்ளும் மழை. கூரை ஓட்டையை அடைக்க முதலாளிக்கு மனசில்லை.

சுங்காய் ரப்பர் தோட்டத்திலிருந்து மாமனார் வந்து இறங்கினார். பழைய அமெரிக்கக் கார், தோட்டத்துத் துரை விட்டுப்போனது. அதை வாங்கியதிலிருந்து, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் இந்தக் கிராணியின் நடையே மாறிவிட்டது. முன் லாம்பு இரண்டும் கதவுக்குள் ஒளிந்திருக்கும். சுவிட்சைப் போட்டால் கதவு திறக்கும். இடது பக்கம் திறக்கவில்லை.

"பாத்து செய்ங்க மாப்பிள்ளே. ஒடச்சி வச்சிடாதீங்க லா."

கமலா எப்போது வருவாள் என்று கேட்டேன். கல்யாணமான முதல் ஆடி என்று மகளை அழைத்துப் போனவர், புரட்டாசி ஆகியும் அனுப்பவில்லை.

"மொதல்ல கார பாருங்க."

மனுசனா இந்த ஆள்.

26 செப்., புதன்
கதவை இழுப்பது இன்ஜின் உறிஞ்சும் காற்று. சன்னமான ரப்பர் குழாய் வழியாகப் போகிறது. ஒன்று வெடித்துக் கிடந்தது. ரப்பர் தோட்டத்துக் காரில் ரப்பர்தான் சரியில்லை. நல்லா வேணும்.

குழாய் மாற்றியதும் திறந்தது. மூடினால் ஒரு நூல் அளவு துருத்தியது. திருகைக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே. விரல் தோல் போச்சு. சாயங்காலம் இரண்டும் ஒன்றாகத் திறந்தன.

கூட வேலை செய்யும் மணியம்: "காருக்கு மட்டும் இவ்ளோ பொறுமையா மச்சான்? வீட்லயும் கொஞ்சம் காட்டலாமே?"

ஸ்பேனரை எறிந்தேன். படவில்லை.

வாங்க: குழாய் கிளிப், சோப்பு. கமலாவுக்குப் பூ? வந்தால் பார்க்கலாம்.

1 அக்., திங்கள்
கொளுத்தும் வெயில். நேற்று ஆயுத பூஜை. இன்று பட்டறைக்கு மாமனார் போன்.

"என்னா வேல செஞ்சீங்க? நேத்து கோயிலுக்கு ஒத்த லாம்போட போனேன். தோட்டமே சிரிக்குது."

பல்லைக் கடித்துக்கொண்டு, நாளை வருகிறேன் என்றேன்.

2 அக்., செவ்வாய்
பஸ்ஸில் சுங்காய். கார் வாசலில், வாடிய மாலையோடு. குனிந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பூஜைக்குப் பொட்டு வைக்கிறேன் என்று இடது கதவின் இடுக்கு முழுக்கச் சந்தனத்தை அப்பியிருக்கிறார்கள். காய்ந்து சிமெண்டாக இறுகிக் கிடந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்த வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"எந்த முட்டாள் இத அப்புனது? மூள இருக்கா? என் வேலைய கொற சொல்ல மட்டும் வாய் இருக்கு!"

மாமனார் படிப்பக்கம் திரும்பினார். கமலா படியில் நின்றாள், கையில் எனக்குத் தேத்தண்ணி.

"நான்தான் வச்சேன்."

சந்தனத்தைச் சுரண்டினேன், ஈரத்துணியால் துடைத்தேன், சுவிட்சைப் போட்டேன். இரண்டும் பளிச்சென்று திறந்தன.

"சரி, பைய எடு. போலாம்" என்றேன்.

மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆவணி பொறந்ததுமே நான் போகச் சொல்லிட்டேன் மாப்பிள்ளே. அவதான்..."

கமலா கிளாசைப் படியில் வைத்தாள்.

"ஒரு பொட்டுக்கே இந்தக் கத்து கத்துறீங்க. நான் வரல."

தேத்தண்ணியைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.