மைக் டெஸ்டிங்கில் ஒரு கேள்வி

பாய்,

நேற்று தேரடி வீதியில் தேர்தல் கூட்டத்துக்கு மைக் கட்டினார்கள். யாரோ ஒருவர் மைக்கைத் தட்டி, "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

என் பாத்திரக் கடைக்கு அடுத்தது உங்கள் மைக்செட் கடை. அப்போதெல்லாம் எந்தக் கட்சிக் கூட்டமானாலும் ஸ்பீக்கர் குழாய் உங்களுடையதுதான். எமர்ஜென்சியில் உங்கள் தம்பியைப் பட்டப்பகலில் மஃப்டி போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. எங்கே என்று ஸ்டேஷனில் கேட்டால் "வேலூர்ல கேளு" என்றார்கள். வேலூரில் "மெட்ராசுல கேளு" என்றார்கள். மெட்ராசில் வாசலைத் தாண்ட விடவில்லை. திரும்பி வந்த உங்கள் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"இவ்ளோ பெரிய கவர்மெண்டுல பதில் சொல்றதுக்கு ஒரு ஆளு இல்லியே, அது எப்படிங்க?"

எமர்ஜென்சி முடிந்து தம்பி வந்தார். ஒரு காது கேட்கவில்லை. "அதான் வந்துட்டாரே பாய், விட்டுத் தள்ளுங்க" என்றேன்.

"வந்துட்டான், சரி. எதுக்குப் போனான்?"

அடுத்த கூட்டத்தில், தலைவர்கள் வருவதற்கு முன்னால் மைக்கைத் தட்டினீர்கள். "ஹலோ, ஒன், டூ, த்ரீ. என் தம்பிய எதுக்குப் புடிச்சாங்கன்னு நான் யாரைக் கேக்கணும்?" கூட்டம் சிரித்தது. நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். அன்றிலிருந்து ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, உங்கள் டெஸ்டிங் மட்டும் மாறவில்லை.

ஒருமுறை எம்.எல்.ஏ. சீக்கிரமே வந்து மாட்டிக்கொண்டார். "அது பாதுகாப்பு சமாச்சாரம் பாய். எனக்கே சொல்ல மாட்டாங்க."

"உங்களுக்கே சொல்லலைன்னா, உங்கள எதுக்குங்க அனுப்பினோம்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கட்சிக்காரர்கள் வேறு மைக்செட் பார்த்துக்கொண்டார்கள். "வாடகை கம்மியாப் போச்சு, கேள்வி ஜாஸ்தியாப் போச்சு" என்று சிரித்தீர்கள். உங்களுக்குச் சிரிப்பு, பக்கத்துக் கடையில் எனக்கல்லவா நடுக்கம்!

அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்லியிருக்க வேண்டும்? கலெக்டரா, மந்திரியா, கோர்ட்டா? நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் கடையில் சும்மா இருக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.

நேற்று என்ன தோன்றியதோ, கடையை அப்படியே விட்டுவிட்டு மேடைக்குப் போனேன். முன்வரிசையில் உங்கள் தம்பி, கேட்கிற காதைக் குழாய்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். மைக்கை வாங்கித் தட்டினேன். ஒன், டூ, த்ரீ.

உங்கள் கேள்வியை நானும் கேட்டுவிட்டேன், பாய்.