மூன்றாவது வரி

ஹேஸல்ஃபோர்டு, ஜார்ஜியா
ஜூலை 1963

தம்பி லெமுவேலுக்கு,

அண்ணன் தெரன் எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டு ரேடியோவில் சிகாகோவிலிருந்து உன் குரல் கேட்கிறதே. அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு உனக்கு ஒரு வரியும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். உன் அண்ணி கொரின் பக்கத்தில் நின்று, "உங்க ரோஷத்தை அப்புறமா எடுத்து வெச்சுக்கலாம். முதல்ல பொண்ணு" என்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மகள் ஆர்டெல்லாவைப் போலீஸ் பிடித்துப் போய்விட்டார்கள். நீ கடைசியாகப் பார்த்தபோது கொரினின் இடுப்பில் இருந்தாள். இப்போது பதினைந்து வயது. சினிமாக் கொட்டகையில் வெள்ளையர்களுக்கு மட்டுமான முன்வாசலில் டிக்கெட் கேட்டு நின்ற நம் பெண்பிள்ளைகளை எல்லாம் லாரியில் ஏற்றினார்கள். போகாதே என்று சொல்லியிருந்தேன். கேட்டால்தானே.

ஷெரீப்பிடம் போனேன். லத்தீன் கற்பிக்கிற நான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். "டேய் பையா, உன் பொண்ணா? அப்படி யாரும் எங்ககிட்ட இல்லையே. எவன்கூடவாவது ஓடியிருப்பா, போய்த் தேடு" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வழக்கும் இல்லை, ஜாமீனும் இல்லை. பிடிக்கவே இல்லை என்று சொல்லப்படுகிறவளுக்காக வக்கீல் என்ன செய்வார்?

ஊருக்கு வெளியே பழைய பருத்திக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம். உள்ளேயிருந்து யாராவது கத்தினால் தண்ணீர்க் குழாயைத் திருப்பி அடிக்கிறார்கள். சாமிப் பாட்டுக்கு மட்டும் தடை சொல்வதில்லை. பிள்ளைகள் பாடுவது உன் பாட்டு. இல்லை, அம்மாவின் பாட்டு.

ரயில் பயணத்தில் உனக்கு உதித்ததாக ரேடியோவில் சொல்லிக்கொள்கிறாய். நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய். நான் சபையில் இருந்தேன். மகனை வெள்ளத்தில் பறிகொடுத்த வாரம், டீக்கன் ஹோசியா பாட்டெடுத்தார். நம் சபையில் ஏது பாட்டுப் புத்தகம்? அவர் வரியைச் சொல்ல வேண்டும், சபை அதை இழுத்துப் பாட வேண்டும். இரண்டு வரி சொன்னார். மூன்றாவது வரவில்லை. அவர் சொல்லாமல் யாரும் நகர முடியாது. எல்லோரும் முனகிக்கொண்டே நின்றோம். அப்போது பெண்கள் பெஞ்சிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "என்னையும் எண்ணிக்கோ ஆண்டவரே, நான் சில்ஃபா, இன்னும் இங்கதான் இருக்கேன்." பிறகு ஹோசியாவே தம் பெயரைச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். அன்றிலிருந்து அந்த மூன்றாவது வரி, யார் முறையோ அவர்களுடையது. அவர்கள் வாய் திறக்கும்வரை மற்றவர்கள் முனகிக்கொண்டு காத்திருப்பார்கள்.

இசைத்தட்டில் இடம் போதாது என்று நீ அந்தக் காத்திருப்பை வெட்டினாய். அடியில் இயற்றியவர் என்று உன் பெயரைப் போட்டுக்கொண்டாய். ஆனாலும் ஜனங்கள் வெட்டியதைச் சேர்த்துத்தான் பாடுகிறார்கள், வயலிலும், பிள்ளை பெறும் இடத்திலும், சங்கிலியில் கட்டிய கைதிகள் கல்லுடைக்கிற இடத்திலும். ஏன் அந்தப் பாட்டு சாகவில்லை என்பதற்கு நான் படித்த புத்தகங்களில் பதில் இல்லை. வேலியோரம் கிடைத்தது. "அப்படி யாரும் இல்லை" என்று சொல்லப்பட்டவர்களுக்குத் தங்கள் பெயரைச் சொல்ல ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

தினமும் மதியம் பாடுகிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் இந்தப் பக்கம் ஒரு தாய் வேலியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுகிறாள். வில்மா ஜீன் என்ற பெண்ணுக்கு அடுத்தது ஆர்டெல்லாவின் முறை. முதலில் அவள் பெயர் இருமலோடு வந்தது. அவளுக்கு ஆஸ்துமா; மருந்து என் சட்டைப்பையில் இருக்கிறது, வாங்க மறுக்கிறார்கள். நேற்று அவள் முறையில் குரலே வரவில்லை. முனகல் மட்டும். "காத்திருக்காங்க பாருங்க, அப்போ இருக்கா" என்று கொரின் என் கையை நகம் பதியப் பிடித்தாள். இன்றும் காத்திருந்தார்கள். ஆனால் நேற்று போல அவ்வளவு நேரம் இல்லை. இறந்தவருக்காகச் சபை காத்திருப்பதில்லை, தாண்டிப் போய்விடும். உனக்கும் தெரியும்.

லெம், வரும் ஞாயிறு மூன்றாவது வரியில் நில். உன் ஆட்கள் முனகட்டும். "என்னையும் எண்ணிக்கோ ஆண்டவரே, நான் ஆர்டெல்லா காஸ்கின், ஹேஸல்ஃபோர்டு பருத்திக் கிடங்கில் இருக்கேன்" என்று அவளுக்காக நீ பாடு. நாடே கேட்ட பெயரை ஷெரீப் இல்லை என்று சொல்ல முடியாது. உன் நிகழ்ச்சிக்குப் பணம் போட்டு உனக்குப் படியளக்கும் மாவுக் கம்பெனிக்காரர்கள் அடுத்த வாரமே உன்னை அனுப்பிவிடலாம். தெரிந்துதான் கேட்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. ஆனால் பாட்டை நீயே வைத்துக்கொள். யார் கேட்டாலும் நீ இயற்றியது என்று பைபிள்மேல் கை வைத்துச் சொல்கிறேன். நான் வெளியே போன நேரம் பார்த்து ஆர்டெல்லா உன் நிகழ்ச்சியைப் போடுவாளாம். "சித்தப்பா பாடினா மூச்சு லேசாகுதும்மா" என்பாளாம். கொரின் இப்போதுதான் சொன்னாள்.

ஞாயிறுவரை ஆண்டவர் உன் தொண்டையைக் காப்பாராக.

உன் அண்ணன்,
தெரன்