அனுப்புநர் பெயர்

கல்பாக்கம்
16.2.2003, ஞாயிறு

அன்பு மகள் பிரதீபாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் குறையொன்றுமில்லாமல் இருக்கிறோம், அம்மாவுக்குப் படியேறும்போது முழங்கால் வலி, அது பழைய கதைதான். அங்கே பனியில் காதை மூடிக்கொண்டு போய் வருகிறாயா, ராத்திரிக்கு வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காமல் சோறு வைத்துச் சாப்பிடுகிறாயா என்று எழுது. எனக்கு ரிடையர்மெண்டுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது, குவார்ட்டர்ஸைக் காலி செய்தால் படூர் பக்கம் போகலாம் என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

பொங்கலுக்கு நீ அனுப்பிய கவர் கிடைத்தது. அரசியல், சரித்திரம், மனித உரிமை என்று எட்டுப் பக்கத்துக்கு இண்டர்நெட் முகவரிகளும் புத்தகப் பெயர்களும் எழுதி, ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள் அப்பா என்று கடைசியில் போட்டிருந்தாய். பார்க்காமலேதான் திட்டினேன். முப்பது வருஷமாக அணுசக்தித் துறையில் கணக்குப் பிரிவில் இருப்பவன் வீட்டுக்கு இதெல்லாமா தபாலில் வரும், யாராவது பிரித்துப் பார்த்தால் என்ன ஆவது என்று அம்மாவிடம் கத்தினேன். ஆனாலும் கிழித்துப் போடவில்லை, பழக்கதோஷம், துளை போட்டு ஃபைலில் சேர்த்துவிட்டேன்.

இந்த மூன்றாம் தேதி திங்கட்கிழமை சந்திரம்மா வந்தாள். நம் பிளாக்குக்கு மீன் கொண்டு வருவாளே, நாம் வாங்காவிட்டாலும் அம்மா கொடுக்கும் காபிக்காக நம் படியில் உட்கார்ந்துவிட்டுப் போவாளே, அவள்தான். அன்றைக்குக் கூடையில்லாமல் வந்தாள். யாருடைய படகு மோட்டாரோ காணாமல் போனதாம், அவள் மகன் தேசிங்கைச் சனிக்கிழமை காலையில் விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன், என் குணம் உனக்குத் தெரியும். "ரெண்டு நாளா வாசல்லயே குந்திகினு கீறேம்மா, புள்ளைய ஒருக்கா கண்ல காட்ட மாட்றாங்க, உசுரோட கீறானா இன்னான்னு தெரில" என்று அம்மாவிடம் சொன்னாள். அவள் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, உங்கள் பெண் அனுப்பினதில் இதற்கு ஒன்றும் இருக்காதா என்று கேட்டாள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஃபைலோடு புதுப்பட்டினம் கடைத்தெருவில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே வருகிறவர்கள் நோட்டில் பெயர், விலாசம் எழுத வேண்டும். பயத்தில் கை தானாக உன் மாமா வேதாந்தம் பெயரை எழுதிவிட்டது, சிரிக்காதே. முதலில் என் புத்திசாலித்தனத்தில் போலீஸ், அரெஸ்ட் என்று தேடினேன், சினிமாப் படங்களாக வந்து கொட்டியது. அப்புறம் உன் பட்டியலில் மூன்றாம் பக்கத்து ஆறாவது முகவரியை எழுத்தெழுத்தாக அடித்தேன். சுப்ரீம் கோர்ட் சொன்னது வரிசையாக இருந்தது. கைது செய்தால் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும், தேதியும் நேரமும் போட்டு மெமோ எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். தினம் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவன், எனக்கு இது தெரிந்திருக்கவில்லை பிரதீபா.

அதையெல்லாம் தமிழில் மனுவாக எழுதி, அனுப்புநர் சந்திரம்மா என்று போட்டு, அவளிடம் கைநாட்டு வாங்கி, அவளை மட்டும் ஸ்டேஷனுக்குள் அனுப்பிவிட்டு நான் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றேன். ஐந்தே நிமிஷத்தில் காகிதத்தோடு திரும்பி வந்தாள். எழுதிக் கொடுத்தவன் யார், அவனை வரச் சொல் என்று விரட்டியிருக்கிறார்கள். "உங்க பேர நான் சொல்லல சார், நீங்க பயப்படாதீங்க" என்றாள். உள்ளே இருப்பது அவள் பிள்ளை, தைரியம் சொல்வது எனக்கு. தலையைத் தூக்க முடியவில்லை.

அந்த டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து திரும்ப எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயர், பதவி, குவார்ட்டர்ஸ் நம்பர். இரண்டு நகல். இரண்டாவது நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் நேரமும் போட்டுத் தாருங்கள் என்று உள்ளே போய்க் கேட்டேன். கையெழுத்துப் போட ஒருவரும் முன்வரவில்லை. போடாவிட்டால் பரவாயில்லை, இன்னொரு நகல் மனித உரிமை ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் போகிறது என்றேன், அந்த நகலை நான் அப்போது எழுதவே இல்லை. பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நாலு மணிக்குத் தேசிங்கை வெளியே விட்டார்கள். நடந்துதான் வந்தான், ஆனால் இடது காது சரியாகக் கேட்கவில்லை. மறுநாள் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் காட்டி, சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆணையத்துக்கு இப்போது நிஜமாகவே அனுப்பியாகிவிட்டது, அந்தச் சீட்டின் நகலோடு. ஆபீஸிலிருந்து இதுவரை கேள்வி வரவில்லை. வந்தால் பதில் எழுதிக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே.

புதன்கிழமை சந்திரம்மா காபி குடித்துக்கொண்டே, உங்கள் பெண் அங்கே என்ன படிக்கிறது என்று கேட்டாள். இரண்டு வருஷமாக எல்லோரிடமும் கம்ப்யூட்டர் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன், அந்த வார்த்தை வாய் வரை வந்தது. போலீஸ் பிடித்துப் போனால் நாம் என்ன கேட்க வேண்டும் என்று படிக்கிறாள் என்றேன். நல்லாப் படிக்கச் சொல்லுங்க சார் என்றாள். சொல்லிவிட்டேன்.

அந்த மூன்றாம் பக்கம் கையில் கசங்கிக் கிழிந்துவிட்டது, இன்னொன்று எழுதி அனுப்பு. தமிழில் இதைப் பற்றிப் புத்தகம் இருந்தால் அதன் பெயரும் வேண்டும், சந்திரம்மா குப்பத்தில் இரண்டு பேர் கேட்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளி. உனக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் காப்பாள், அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உண்டு.

போன தடவை போனில் வேதாந்தம் மாமா கேட்டதற்கு நீயும் கம்ப்யூட்டர் என்றே சொன்னாயாம், அம்மா இப்போதுதான் சொன்னாள். எனக்காகச் சொல்லியிருக்கிறாய். இனி சொல்ல வேண்டாம் அம்மா, மாமாவுக்கு நானே எழுதிவிட்டேன்.

உன் அப்பா,
சுப்புராமன்