பாலத்து மாமிக்கு, பெயர் வைத்தவள் எழுதுவது

என் தம்பியை நம்பிக் கடல் கடந்து வந்த மலருக்கு,

உன்னை மலர் என்று நான் கடைசியாகக் கூப்பிட்டது எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு மறதி இல்லை என்பது உனக்குத் தெரியும். எந்தக் கலியாணவீட்டில் யார் என்னை முன்வரிசையில் இருத்தவில்லை என்பதுகூட நினைவிருக்கிறது. இது மட்டும் வரவில்லை. அப்படியென்றால் கூப்பிடவே இல்லை என்றுதான் அர்த்தம்.

போன வருடம் உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடித்தபோது, "மாமி, அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதித் தாங்கோ" என்று உன் மகள் தர்சினி கேட்டாள். "நான் அஞ்சாம் வகுப்பு. எனக்கு உதெல்லாம் வராது" என்றேன். வராமல் இல்லை. மனமில்லை. இப்போது ஆண்டுத் திவசத்துக்கு இன்னொரு சின்னப் புத்தகம் அடிக்கிறாள். இந்த முறை அவள் கேட்கவில்லை. நானே போய் ஒரு பக்கம் கேட்டு வாங்கினேன்.

ஸ்பெயினுக்குப் போய்வந்தேன் மலர். செகோவியா என்று ஒரு ஊர். அந்த ஊரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஆனால் இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு நடந்தது தெரிய வேண்டும். உனக்கு நோகும். இன்னும் ஒரே ஒரு தடவை பொறுத்துக்கொள்.

தம்பி முதலில் மொன்றியலுக்கு வந்துவிட்டான். உன்னை ஏஜென்சிக்காரன் ஒருவன் கூட்டிவருவதாக ஏற்பாடு. ஒரு கிழமையில் வந்து இறங்க வேண்டிய நீ ஒன்பது மாதம் கழித்து வந்தாய். கடிதமும் இல்லை, ஃபோனும் இல்லை. வந்த மறுநாள், மொன்றியல் கோட்-டெ-நேஜ் பகுதியில் எங்கள் சின்னக் குசினிக்குள் ஆறேழு பெண்கள் உன்னைச் சுற்றி நின்றோம். ஏஜென்சிக்காரன் ஸ்பெயினில் உன்னை விட்டுவிட்டு மறைந்துவிட்டான் என்றாய். கையிலிருந்த ஃபோன் நம்பர்த் துண்டைக்கூட அவன் கிழித்துப் போட்டானாம். வழிச்செலவுக்குக் காசு சேரும்வரை ஒரு சாப்பாட்டுக் கடையில் எச்சில் பீங்கான் கழுவிக்கொண்டு நின்றாயாம். அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். உனக்கு அந்த ஊர் பிடித்துப்போயிருந்தது.

"ஊருக்கு நடுவில ஒரு பாலம் மச்சாள். கோபுரத்தைவிட உயரம். அதுக்கு மேலால தண்ணி ஓடினதாம். சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்லுக்கு மேல கல்லு, சும்மா வச்சிருக்கு. ரெண்டாயிரம் வருசமா நிக்குதாம்."

"எங்கட வீட்டு மதில் சீமெந்து பூசியே ஒரு மாரிக்குத் தாங்கேல்லை. சும்மா வச்ச கல்லு நிண்டதோ?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

கப்பல் மாதிரி ஒரு கோட்டை இருக்கிறது என்றாய். பன்றிக்குட்டியைக் கத்தி இல்லாமல் பீங்கான் விளிம்பால் வெட்டிக் காட்டி, பிறகு அந்தப் பீங்கானை நிலத்தில் அடித்து உடைப்பார்கள் என்றாய். "பேந்து கூட்டி அள்ளுறது நான்தான்" என்று சொல்லிக் கையால் கூட்டிக் காட்டினாய். தண்ணீர் சுமந்து களைத்த ஒரு பெட்டைக்காகப் பேய்தான் அந்தப் பாலத்தைக் கட்டியது என்று அங்கே கதை இருக்கிறதாம்.

அப்போதுதான் நான் கேட்டேன்.

"பேய் கட்டின பாலமும் பீங்கானால வெட்டின பண்டியும் கிடக்கட்டும். ஒன்பது மாசம் எங்கை நிண்டனி? அதைச் சொல்லு."

ஒன்பது மாதம் என்று ஒரு பெண்ணிடம் அழுத்திக் கேட்டால் அது என்ன கேள்வி என்று அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கும். தேத்தண்ணியோடு கதவடியில் நின்ற தம்பிக்கும் விளங்கியது. யாரும் சிரிக்கவில்லை. நீ அடுப்பை நிறுத்திவிட்டு அறைக்குள் போனாய்.

அதற்குப் பிறகு நீ அந்த ஊரைப் பற்றி வாய் திறக்கவில்லை. தம்பியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய், அவனும் ஆறியிருப்பான். மூன்று வருடம் கழித்துத் தர்சினி பிறந்தாள், வீடு வாங்கினீர்கள், எல்லாம் நடந்தது. அவன் மட்டும் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியை உங்கள் இருவருக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தவள் நான்.

என் வாய்தான் மூடவில்லை. கலியாணவீடு, சாமத்தியவீடு, எங்கே போனாலும் உன்னைப் போல நடித்துக் காட்டினேன். பாலத்து மலர் என்றேன். அது பாலத்து அக்காவாகி, பாலத்து மாமியானது. காரணம் தெரியாத பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள். உன் மரண அறிவித்தல் வந்த அன்று, "ஆர், எங்கட பாலத்து மாமியோ?" என்று என்னிடமே ஃபோனில் கேட்டார்கள். "ஓம்" என்றேன்.

இந்த வைகாசியில் தர்சினி வந்தாள். "மாமி, அம்மா நிண்ட ஊரைப் பாக்கப் போறன். அப்பா வரமாட்டாராம். நீங்கள் வாறியளோ?"

"அப்பிடி ஒரு ஊர் இருந்தாத்தானே பாக்கிறதுக்கு."

ஃபோனில் படம் காட்டினாள். "ஃபோனில இப்ப ஆனையையும் பறக்க விடுவாங்கள்" என்றேன்.

"அப்ப வந்து தொட்டுப் பாருங்கோவன்."

அந்த ரோசத்தில்தான் போனேன். அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டுவந்து சொல்லத்தான் போனேன் மலர்.

மட்ரிட்டிலிருந்து அரை மணி நேரம் ரயில், பிறகு பஸ். பஸ்ஸால் இறங்கித் திரும்பினால் எதிரே நிற்கிறது. காலடிக்குப் போய் இரண்டு கல்லுக்கு நடுவில் நகத்தை விட்டுப் பார்த்தேன். நகம் உள்ளே போனது. சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. சும்மாதான் வைத்திருக்கிறது.

மேலே நடுவில் வரிசையாக ஓட்டைகள் தெரிந்தன. "உதென்ன பிள்ளை, சூடு பட்டதோ?" என்று கேட்டேன். யுத்தம் பார்த்த எங்கள் கண்ணுக்குச் சுவரில் ஓட்டை என்றால் வேறென்ன?

"இல்லை மாமி, அது எழுத்து. வெண்கலத்தில பதிச்சிருந்ததாம். எழுத்தெல்லாம் விழுந்து போயிட்டுது. ஆணி அடிச்ச ஓட்டைதான் மிச்சம்."

கோட்டையும் கப்பல் மாதிரித்தான் இருந்தது, முனையை நீட்டிக்கொண்டு. மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். நான் மரக்கறி என்பதால் பாணும் சூப்பும் வாங்கித் தந்தாள். பக்கத்து மேசைக்குப் பன்றிக்குட்டி வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பீங்கானைக் கையில் எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உடைந்த சத்தம் கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணைத் திறந்தபோது ஒரு பெட்டை குனிந்து நின்று துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் கைதட்டவில்லை.

"அம்மா உனக்கு எல்லாம் சொல்லியிருக்கிறா, என்ன?" என்று தர்சினியிடம் கேட்டேன்.

"அம்மா ஒண்டும் சொல்லேல்லை மாமி. கேட்டாலும் 'அது பழசு, விடு' எண்டுவா. ஊரின்ர பேர்கூடச் சொல்லேல்லை."

"அப்ப இந்த ஊர்தான் எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனி?"

"நீங்கள் சொன்னதை வச்சுத்தான். நான் சின்னனா இருக்கேக்கை நீங்கள் பகிடி பண்ணுவியள். ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லும் மாறாது. சீமெந்தில்லாத பாலம், கப்பல் கோட்டை, பீங்கானால வெட்டிற பண்டி. அம்மா போனாப் பிறகு அதுகளைப் போட்டுத் தேடினன். இந்த ஊர்தான் வந்தது."

அவள் குத்திச் சொல்லவில்லை. கோப்பியை ஆற்றிக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நீ வாய் மூடிய பிறகு, உன் ஒன்பது மாதத்தை வைத்திருந்தது என் வாய்தான். இதைச் சொல்லி நல்லவளாகப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. கள்ளன் எடுத்த நகை கள்ளன் வீட்டில் தேயாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். என் முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு மூன்று கிழமை நீ ரசம் வைத்துக் கொண்டுவந்தாய். நானும் குடித்தேன். கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தேனே, அப்போதாவது ஒரு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா?

மொன்றியலுக்குத் திரும்பி வந்து நாலாம் நாள் கர்க்லாண்டுக்குப் போனேன். தம்பி இப்போது அங்கே தர்சினியோடுதான் இருக்கிறான். "தம்பி, பாலம் இருக்கு. நான் தொட்டுப் பாத்தனான். மலர் சொன்னதெல்லாம் உண்மை. நான் கேட்டதுதான் பிழை" என்றேன்.

அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இனி உது ஆருக்கு, அக்கா?" என்றான்.



ஞாயிற்றுக்கிழமை உன் திவசம். டொலார்ட் கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன்னம் நான் எழும்பிக் கதைப்பேன். அன்றைக்குக் குசினியில் நின்றவர்களில் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை முன்வரிசையில் இருத்தச் சொல்லிவிட்டேன். பாலம், கோட்டை, பேய், பீங்கான், நீ கையால் கூட்டிக் காட்டியது, எல்லாம் ஒரு சொல் மாறாமல் வரும். நான் கேட்ட கேள்வியையும் விடமாட்டேன். தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

நான் வைத்த பெயரை ஊர் வாயிலிருந்து இனி எடுக்க ஏலாது மலர். ஆனால் ஏன் அந்த மாமிக்கு அப்படிப் பேர் என்று எந்தப் பிள்ளை கேட்டாலும், என் மூச்சு நிற்கும்வரை, சிரிக்காமல் சொல்லுவேன்.

ஒன்பது மாதம் எங்கே என்று கேட்ட,
உன் புருஷனின் அக்கா,
பூமணி மச்சாள்