வயிற்றில் வைத்த கை

செவ்வாய் இரவு.

யட்டவத்த மாட்டு ஏலத்துக்கு எல்கடுவ தோட்டத்துக் காளியம்மா தன் கிழப்பசுவைக் கொண்டுவந்திருந்தாள். பழைய மாட்டு வியாபாரி என்பதால் என் கை சொல்வதை அங்கே எல்லாரும் நம்புவார்கள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே கன்று உதைத்தது. எல்லாருக்கும் கேட்க, "இதுட வயித்துல ஒண்டுமில்ல" என்றேன். வளர்க்க வாங்க வந்தவர்கள் விலகினார்கள். இறைச்சி விலைக்கே எனக்கு விழுந்தது.

கயிற்றைத் தரும்போது, அண்ணனைக் கூப்பிடுவதுபோல 'நானா' என்று என்னை அழைத்து மெதுவாகச் சொன்னாள்: "கன்னு ஒதைச்சது ஒங்க கைக்குத் தெரிஞ்சிருச்சுங்க நானா, பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நான் சொன்னா யாரு நம்புவா? தெரிஞ்ச ஒங்ககிட்டயே போகட்டும்னு பேசாம இருந்துட்டேன். அறுக்க மட்டும் குடுத்துறாதீங்க."

அப்போதாவது விலையைக் கூட்டிக் கொடுத்திருக்கலாம். நான் தலையைத்தான் ஆட்டினேன்.

இரவு இஷா தொழுகையில் தக்பீர் சொல்லிக் கைகட்டியபோது அதே கை என் வயிற்றின் மேல் இருந்தது. ஓதி முடித்துக் குனியும்வரை எடுக்கவும் முடியாது.