புகை வருகிற வீடுகள்

கோக்-ஜார், மேல்தெரு
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணன் ஷர்ஷெனுக்கு,

தங்கை பெகிமாய் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் இருக்கிறோம். நீங்களும் எங்கோ இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உருளைக்கிழங்கு தோண்டிய நாட்களிலிருந்து உங்கள் ஃபோன் அணைந்தே கிடக்கிறது. நீங்கள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். இன்னொருவர் வேறு மாதிரிச் சொன்னார். அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

ஜுமாகுல் அக்கா நாளைக் காலை புறப்படுகிறார். அவர் கணவர் உங்கள் நகரத்துச் சந்தையில்தான் மூட்டை இறக்குகிறாராம். நம் ஆட்கள் கூலிக்கு நிற்கும் இடத்தில் எல்லாம் விசாரித்து இந்தக் கடிதத்தை உங்களிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய கோட்டின் உள்துணியைப் பிரித்து, இதை வைத்துத் தைத்துக் கொடுக்கப்போகிறேன். கணவாயைத் தாண்டி அவரை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுவது நம் ஊர் தாஷ்தானுடைய லாரி. ஏன் தைக்கிறேன் என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்குப் புரியும்.

முதலில் அம்மா. டிசம்பரில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. அன்று கணவாயில் லாரிச் சக்கரம் முழுகப் பனி. தாஷ்தான் சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டி ஓட்டினார். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். அப்பா கொடுத்ததை வாங்கவில்லை. "பெரியம்மா எனக்கு ஊட்டின ரொட்டிக்கே இன்னும் கணக்கு முடியல" என்றார். இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அம்மா இப்போது எழுந்து நடப்பதில்லை. அவர் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறோம். அங்கிருந்து பார்த்தால் உங்கள் வீட்டுப் புகைபோக்கி தெரியும். வேறு எதுவும் தெரியாது, அதுவே அவருக்குப் போதும்.

மேல்தெருவில் இந்தக் குளிருக்கு ஆள் இருக்கும் வீடுகள் நான்குதான். மற்ற எல்லாரும் உங்களைப் போல அங்கே, வெளிநாட்டு வேலையில். போகும்போது ஒவ்வொருவராக வந்து சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் அதிகம் பேசாதவள், ஆகவே வீட்டுச் சங்கதி வெளியே போகாது என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு சாவியிலும் ஒரு நிறக் கம்பளி நூல் கட்டி வைத்திருந்தேன். புருல்கான் அக்காவுடையது சிவப்பு. அவர் அங்கே ஏதோ கட்டட வேலைக்காரர்களுக்குச் சமைத்துப்போட்டு, மகளின் கல்யாணத்துக்காக மெத்தைகளும் கம்பளங்களும் சேர்த்து இங்கே தன் வீட்டில் அடுக்கி வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் சாவி மட்டும் அப்பாவிடம் இருந்தது. அதை யாரிடமும் தரமாட்டார். காலையில் எடுத்துக் கொடுப்பார், நான் அடுப்பு மூட்டிவிட்டு வந்ததும் திரும்ப வாங்கி உள்பையில் போட்டுக்கொள்வார்.

போன குளிரில் கீழூரில் குதிரைகளைத் திருடி ஓட்டிக்கொண்டு போனார்களே, அந்தப் பயம் எங்களை விடவில்லை. ஆகவே ஆளில்லாத வீட்டில் ஆள் இருப்பது போலக் காட்டுவதுதான் எனக்கு வேலை. பள்ளிக்குப் போகுமுன் முறை வைத்து இரண்டு மூன்று வீடுகளில் வறட்டி போட்டு அடுப்பு மூட்டுவேன். பனி பெய்த மறுநாள் ஒவ்வொரு வாசலுக்கும் நடந்துபோய் நடந்து வந்து தடம் உண்டாக்குவேன். கொடியில் துணி காயப்போடுவேன். துணிக்கு எங்கே போவது? அப்பாவின் கம்பளி உள்காற்சட்டைதான் இன்று ஒரு வீட்டில், நாளை இன்னொரு வீட்டில் விறைத்துத் தொங்கும். ஜுமாகுல் அக்கா தெருவில் வைத்தே அப்பாவைக் கேட்டார்: "என்ன பெரியப்பா, தெருவுல வீட்டுக்கு வீடு உங்க காற்சட்டை தொங்குது? இந்த வயசுல எத்தனை குடும்பம் வெச்சிருக்கீங்க?" அப்பா அன்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. வகுப்பில் பிள்ளைகளுக்கு நதிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே மேல்தெரு தெரிந்தது. புருல்கான் அக்கா வீட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அன்று அந்த வீட்டுக்கு முறை இல்லை. ஒருவேளை காலையில் மறந்து அங்கேயும் மூட்டிவிட்டேனோ என்று யோசித்தேன். பாடத்தைப் பாதியில் விட்டு ஓடக் கூச்சமாக இருந்தது. அந்தப் புகையை ஊரே பார்த்திருக்கிறது. பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறது.

அன்று வகுப்பு முடிந்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் போனபோது வீடு வெறும் சுவராக இருந்தது. மெத்தைகள், கம்பளங்கள், தண்ணீர் மோட்டார், குழாய்கள், இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் எதுவும் இல்லை. உறைந்து இறுகிய திருகுகளைக் கழற்றுவதற்காக வீட்டைச் சூடாக்கி, அவசரமே இல்லாமல் ஒரு பகல் முழுக்க வேலை பார்த்திருக்கிறார்கள். பின்பக்கம் உறைந்த ஓடை மேல் சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்துப் போயிருக்கிறார்கள். ஐஸில் தடம் பதியாது. முன்வாசல் பனியில் என் தடம் மட்டும்தான் இருந்தது. வந்தவன் என் தடத்திலேயே கால் வைத்து வந்திருக்கிறான். அண்ணா, நான்தான் அவனுக்குப் பாதை போட்டு வைத்திருந்தேன்.

ஊர் மூத்தவர் ஒஸ்மோனாலி வந்து பார்த்தார். நான் அடுப்பைத் திறந்தேன். உள்ளே நிலக்கரிச் சாம்பல், கெட்டிக் கட்டியாக. இந்தக் குளிரில் மேல்தெருவில் எல்லாரும் எரிப்பது சாணி வறட்டி. கரி இருப்பது ஒரே ஒருவரிடம். கணவாய் தாண்டிப் போகிற லாரி யாரிடம் இருக்கிறதோ அவரிடம். ஒஸ்மோனாலி தன் கைத்தடியால் அந்தச் சாம்பலைக் கிளறிப் பொடியாக்கினார். பிறகு அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு, "பொண்ணு, நீ பூட்டை ஒழுங்காப் பூட்டினியா?" என்று கேட்டார்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சூடான அறை அது ஒன்றுதான். பெரிய மனிதர்கள் எல்லாரும் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாஷ்தான் கடைசி பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். யாரோ சொன்னார்கள், "காலேஜ் போய்ப் படிச்ச பொண்ணு, நீயே சொல்லும்மா, உன் தடம் மட்டும் எப்படி இருந்துச்சு?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நம் வீட்டில் யாரும் பார்க்காத காலேஜுக்கு என்னை நீங்கள்தான் அனுப்பினீர்கள். அங்கே கற்ற எதுவும் அப்போது என் வாய்க்கு வரவில்லை. சாம்பல் என்ற ஒரு சொல் போதும். ஆனால் அம்மாவுக்கு மறுபடி நெஞ்சு அடைத்தால் யார் லாரியில் கொண்டுபோவது? ஒஸ்மோனாலியின் மருமகளுக்கு மார்ச்சில் பிரசவம். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஏதோ ஒன்று இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் தெரிந்தது, மற்றவர்களும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் தெரியும்.

அப்போது ஒஸ்மோனாலி தீர்ப்பு சொன்னார்: "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பாரம்? தாஷ்தான் கிட்ட வண்டி இருக்கு, உடம்புல தெம்பு இருக்கு. சாவியெல்லாம் அவன் கிட்ட இருக்கட்டும். அவன் பார்த்துக்குவான்." தாஷ்தான் முகம் சிவந்துபோய், "எனக்கு எதுக்கு மூத்தவரே, வேண்டாம்" என்று ஒரே ஒரு தரம் சொன்னார். "வெச்சுக்கப்பா" என்றார் ஒஸ்மோனாலி, கெஞ்சுகிற குரலில்.

நான் சாவிகளை எடுத்து மேசை மேல் வைத்தேன். உங்கள் சாவியை யாரும் கேட்கவில்லை. அப்பா இருக்கும்போது அது ஆளில்லாத வீடு இல்லை என்று விட்டுவிட்டார்கள். அப்பா எழுந்தார். இடுப்பு வலியோடு பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். உள்பையிலிருந்து உங்கள் சாவியை எடுத்து மற்றவற்றின் மேல் வைத்தார். "இதையும் சேத்துக்க" என்றார். அவ்வளவுதான். அண்ணா, தயவுசெய்து அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உருளைக்கிழங்கு தோண்டிய நாட்களிலிருந்து தினமும் சாயங்காலம் அந்தச் சாவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

திரும்பி வரும் வழியில் ஜுமாகுல் அக்காதான் வாய் திறந்து சொன்னார்: "அழாதடி. எடுக்கிற கை, போனவங்க வீட்டோட நின்னுட்டா இருக்கிறவங்க மாட்டுக்கு ஆபத்தில்ல. அந்த வீடுகள்ல இப்போ குளிரைத் தவிர யாரு குடியிருக்கா?" பிறகு தன் வீட்டின் முன்னால் நின்று, கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை என் சாவியையும் அவன் கிட்டதான் கொடுத்துட்டுப் போகணும். வண்டியில ஏத்திவிடறவன் கையிலயே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் அந்தச் சிரிப்பைக் கேட்க முடியவில்லை.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. நேற்று முழுக்க, "ஷர்ஷென் வீட்டுல ஏன் புகை காணோம்? மூட்டலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வறட்டி ஈரம், நாளைக்கு மூட்டுகிறேன் என்றேன். அப்பா ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பழைய சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சேணத்துக்கு இப்போது குதிரை இல்லை.

இன்று காலை பனி பெய்து நின்றதும் எப்போதும் போல எழுந்து உங்கள் வாசல்வரை நடந்து திரும்பி வந்தேன். சாவி இல்லை, உள்ளே போக முடியாது. கால் பழகிவிட்டது.

இதுவரை எழுதிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்பி உட்கார்ந்திருந்தார். "பாரு, பாரு, ஷர்ஷென் வீட்டுல புகை வருது! நல்ல கரி போட்டிருக்கே போல, எவ்வளவு கறுப்பா, அடர்த்தியா வருது பாரு" என்றார். பல நாளைக்குப் பிறகு தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ரொட்டியும் கொஞ்சம் தின்றார். உங்கள் வீட்டுப் பின்னால் ஓடை ஓரமாக ஒரு சறுக்குவண்டி நிற்கிறது. கட்டிலிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஊசி மட்டும் தோலில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் போய்த் தடுக்கவில்லை. யாரும் போகமாட்டார்கள். நாளைக் காலை ஜுமாகுல் அக்காவும் இந்தக் கடிதமும் அந்த லாரியில்தான் வர வேண்டும்.

அதனால் வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். நீங்கள் வெளிநாட்டில் நின்று நின்று கட்டிய வீட்டைப் பற்றி இந்தக் கடிதத்துக்குப் பிறகு எனக்கு எழுத எதுவும் இருக்காது. நான் கேட்பது ஒன்றுதான். எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், கையில் எதுவும் இல்லாவிட்டாலும், அம்மாவுக்கு ஒரு வரி சொல்லி அனுப்புங்கள். அந்தப் புகை அடங்குவதற்குள் முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பிறகாவது.

நாளையும் பனி பெய்யும் போலிருக்கிறது. பெய்தால் காலையில் உங்கள் வாசல்வரை மிதித்து வைப்பேன். உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது, வாசல்வரை வரலாம்.

நீங்கள் எந்தக் கூரையின் கீழ் இருக்கிறீர்களோ, அந்த வீட்டு அடுப்பு அணையாமல் இருக்க இறைவனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
பெகிமாய்